யாருடைய உத்தரவின்படி

மூடுபனிக் காலம் வந்துவிட்டால் அந்தத் தலைமை அலுவலகத்துக்கு இரண்டாவது மாடிக்கு மேல் ஒன்றும் இருக்காது. ஆற்றிலிருந்து எழும்பும் பனி சாலையைக் கடந்து, வாசல்படி ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே போய் மூன்றாவது மாடியை அப்படியே விழுங்கிவிடும். அந்த மூன்றாவது மாடியில்தான் நீர்வழித் துறை அமைச்சரின் அறை இருந்தது. நேர் கீழே, இரண்டாவது மாடியில், துறைச் செயலாளரின் அறை. "அமைச்சர் மேகத்துல உக்காந்துக்கிட்டு ஆட்சி பண்றார். செயலாளர் கீழ இருந்து ஏணியை உருவிட்டார்" என்பார் வாசலில் டீ விற்பவர்.

செயலாளரின் அறைக்கு முன்னறையில் இருபத்தாறு வருடமாக ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தாள் அவருடைய ஸ்டெனோ. அலுவலகத்தில் அவளுக்கு 'முற்றுப்புள்ளி அம்மா' என்று பெயர். செயலாளர்கள் எல்லாருக்கும் ஒரு வியாதி உண்டு: ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடிக்க மனசு வராது. 'எனினும்', 'இருப்பினும்', 'அவ்வாறிருக்க' என்று போய்க்கொண்டே இருப்பார்கள். இவள் பென்சிலைத் தூக்கிப் பிடித்து, "சார், இங்க முற்றுப்புள்ளி வெச்சிடட்டுமா?" என்பாள். வந்துபோன ஆறு செயலாளர்களும் அவளிடம் அடங்கி முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டவர்கள்தான்.

அவள் கணவர் அமைச்சருடைய கார் டிரைவர். அமைச்சர்கள் மாறுவார்கள், கார் மாறும், டிரைவர் மாறமாட்டார். மேல்மாடிக்காரரின் வண்டியை அவர் ஓட்ட, கீழ்மாடிக்காரரின் வார்த்தைகளை இவள் எழுத, இருவரும் சாயங்காலம் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வருவார்கள். கல்யாணமான புதிதிலேயே ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றும் இடத்தில் ஆபீஸ் பேச்சையும் கழற்றிவிட வேண்டும். அதனால்தான் இத்தனை வருடம் குடும்பம் ஓடியது என்று இருவருமே நம்பினார்கள்.

அந்த வருடம் அந்த ஏற்பாடு உடைந்தது. உடைத்தது ஒரு படகு.

ஆற்றின் அக்கரையில் அவர்களுடைய ஒரே மகள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாப்பிள்ளை அங்கே மரப்பட்டறை வைத்திருந்தார். துறையின் படகில் ஏறினால் பதினைந்து நிமிடம். ரோட்டு வழியாக என்றால் ஆற்றோரமாகவே மேலே போய், பாலம் தாண்டித் திரும்பி வர அரை நாள் ஆகும். மழையில் பாதி ரோடு வேறு பெயர்ந்து கிடந்தது. படகின் இன்ஜின் பழுதாகி மூன்று மாதமாகியிருந்தது. பழுதானபோது மகளுக்கு ஆறாவது மாதம். "அடுத்த வாரம் படகு ஓடிடும், அப்பறம் கூட்டிட்டு வந்துடலாம்" என்று இவர்கள் இருக்க, அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று ஒன்பதாவது மாதம் பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரி இக்கரையில். ஏற்கனவே ஒரு தடவை நாலாம் மாதத்தில் கலைந்துபோன உடம்பு. "குலுக்கல் ஆகாது, ரோட்டுல மட்டும் கூட்டிட்டு வந்துடாதீங்க" என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். சின்னத் தோணிகளைப் பனிக்காலத்தில் ஆற்றில் இறக்கக் கூடாது. அந்தத் தடையுத்தரவை டைப் அடித்தவளே இவள்தான்.

விசேஷம் என்னவென்றால், படகு சரியாகி இருபத்தெட்டு நாளாகியிருந்தது. பெயின்ட் அடித்து, புது விளக்கு மாட்டி, படகுத்துறையில் கட்டிக்கிடந்தது. மறுபடி ஓட்டலாம் என்று ஒரு உத்தரவு வரவேண்டும், அவ்வளவுதான். நான்கு வரி உத்தரவு. அதில் மூன்று வரிக்கு யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

தகராறு முதல் வரியில். 'அமைச்சர் அவர்களின் உத்தரவின்படி' என்று தொடங்க வேண்டும் என்றார் அமைச்சர். படகு ஓடுவது அன்றாட நிர்வாகம், ஆகவே 'செயலாளரின் உத்தரவின்படி' என்றுதான் வரவேண்டும் என்றார் செயலாளர். ஃபைல் மேலே போனது, கீழே வந்தது. மேலே போனது, கீழே வந்தது. ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் யாராவது ஒருவர் 'பேசவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பேசத்தான் இல்லை. லிஃப்ட்டில் எதிர்ப்பட்டால்கூட ஒருவர் கூரையையும் ஒருவர் தரையையும் பார்த்தார்கள்.

செயலாளர் ஒல்லியான மனிதர். வெந்நீரைத் தவிர வேறு எதுவும் குடித்து யாரும் பார்த்ததில்லை. சன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தபடி, தூக்கத்தில் பேசுகிறவர் போலச் சொல்லச் சொல்ல, இவள் எழுதுவாள்.

"அம்மா, எழுதிக்கோங்க. மேற்படி திருத்தம் ஏற்புடையதாகத் தோன்றவில்லை, எனினும்..."

"ஏற்புடையதல்லன்னு போட்டுடலாமே சார்? ஒரு வார்த்தை மிச்சம்."

"ஏற்புடையதல்லன்னா சண்டைம்மா. தோன்றவில்லைன்னா அபிப்பிராயம். சண்டை போட்டா நான் தப்பு. அபிப்பிராயம் சொன்னா அவர் தப்பு."

"படகு ஓடினாப் போதும் சார்."

அவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அவள் மகளின் நிலைமை தெரியும். அது நினைவுக்கு வந்ததும் முகம் கொஞ்சம் வாடத்தான் செய்தது. "இன்னிக்கு நான் விட்டுக்கொடுத்தா, நாளைக்கு விளக்குல பல்பு மாட்டுறதுக்கும் அமைச்சர் உத்தரவு வேணும்பாங்க அம்மா. எனக்கப்பறம் வர்றவன் என்னைத் திட்டுவான்" என்றார். "எனினும்... எங்க விட்டோம்?"

"எனினும்ல சார்."

மேல்மாடியில் என்ன நடந்ததென்பது அவளுக்குக் கணவர் மூலம் பிற்பாடுதான் தெரிந்தது. அமைச்சர் பருத்த உடம்புக்காரர், ஒரு காலத்தில் கயிறு வியாபாரம் செய்தவர். காரில் ஏறியதும் முன்சீட்டைத் தட்டுவார்.

"உன் வீட்டம்மா நேத்து என்னய்யா டைப் அடிச்சாங்க?"

"வீட்ல ஆபீஸ் விஷயம் பேசறதில்லைங்க ஐயா."

"புருஷனும் பொண்டாட்டியும் வேற என்னதான்யா பேசுவீங்க?"

"பொண்ணைப் பத்திங்க ஐயா. மாசமா இருக்கு. அக்கரையில இருக்கு."

"கவலைப்படாத. என் உத்தரவு வந்ததும் முதல் படகு உன் பொண்ணுக்குத்தான். நான் அக்கரைக்காரங்ககிட்ட ஓட்டுக் கேட்டப்ப, படகை விடுவேன்னு சொன்னவன். செயலாளரா சொன்னார்? அவர் எந்த வீட்டு வாசல்ல போய் நின்னிருக்கார்? இதை அவர் பேர்ல விட்டுட்டா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அங்க போவேன், சொல்லு?"

இரண்டு பேர் சொல்வதிலும் ஞாயம் இருந்ததுதான் கஷ்டம்.

ஒருநாள் சாப்பிடும்போது டிரைவர் வாயைவிட்டார். வறுத்த மீனை முள் எடுத்துக்கொண்டே, "உங்க ஆளு ஒரு வரியை விட்டுக்கொடுத்தா என்னவாம்? மனுஷன் ஊர் ஊரா அலைஞ்சு ஜெயிச்சு வந்திருக்கார்" என்றார்.

"எங்க ஆளா? உங்க ஐயா ஒரு வரி இல்லாம செத்தா போயிடுவார்? அஞ்சு வருஷத்துல போறவர் அவரு."

"போறவருக்குத்தாண்டி அவசரம். இருக்கறவருக்கு என்ன, வெந்நீரைக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கலாம்."

"வெந்நீரைப் பத்திப் பேசாதீங்க. அந்த மனுஷன் ஒருநாளாவது லேட்டா வந்திருப்பாரா? உங்க ஐயா வர்றப்ப மத்தவங்க சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கிட்டு இருப்பாங்க."

"என் ஐயாவை நீ சொல்லாத."

"என் சாரை நீங்க சொல்லாதீங்க."

அதோடு பேச்சு நின்றது. மறுநாளும் பேசவில்லை. பஸ்ஸில் அவர் முன்சீட், இவள் பின்சீட். மூன்றாம் நாள் கேஸ் தீர்ந்துவிட்டது. சொல்லியாக வேண்டும், வாயைத் திறக்கவும் கூடாது. அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் 'கேஸ் இல்லை. பேசவும்' என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால், அதன் கீழே கணவருடைய கோணல் எழுத்தில் 'பார்த்தேன்' என்று இருந்தது. தேதிகூடப் போட்டிருந்தார். கேஸ் வந்திருக்கவில்லை.

அன்றைக்கு இரண்டு பேரும் ஆறிப்போன ரொட்டியைத் தின்றார்கள். மகள் ஃபோன் செய்தாள். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. "ரெண்டு பேரும் ஏன் தனித்தனியாப் பேசறீங்க?" என்றாள். "அப்பா, அம்மாகிட்ட சொல்லுங்க, கால் வீங்கியிருக்குன்னு."

"கால் வீங்கியிருக்காம்" என்றார் டிரைவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம்.

"உப்பைக் குறைக்கச் சொல்லுங்க."

"உப்பைக் குறைக்கணுமாம்."

எதிர்முனையில் மகள் சிரித்தாள். சிரித்து முடித்து, சின்னக் குரலில், "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாள். ஃபோனை வைத்த பிறகு டிரைவர் எழுந்துபோய் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டார். "நாளைக்கு கேஸ் சொல்லிடறேன்" என்றார். மூன்று நாளில் அவராக அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது. மறுநாள் காலை பத்தரை மணி இருக்கும். பனி என்றால் அப்படியொரு பனி. சன்னல் கண்ணாடிக்கு வெளியே வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்டது மாதிரி இருந்தது. செயலாளர் உள்ளே ஒரு கூட்டத்தில் இருந்தார். அவள் பதினெட்டாவது முறையாக அந்த நான்கு வரி உத்தரவை டைப் அடித்துக்கொண்டிருந்தாள். சண்டை முடியாததால் முதல் வரியில் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள்: '........ உத்தரவின்படி, படகுப் போக்குவரத்து உடனடியாகத் தொடங்கப்படுகிறது.'

ஃபோன் அடித்தது. மாப்பிள்ளை.

"அத்தை, அவளுக்கு வலி வந்திடுச்சு. காலையில இருந்தே லேசா இருந்திருக்கு, சொல்லலை. இங்க நர்ஸம்மா பாத்துட்டு, குழந்தை திரும்பலை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு சொல்றாங்க. நான் ரோட்டுலயே கூட்டிட்டு வந்துடட்டுமா?"

"வேணாம் மாப்பிள்ளை." சொன்னது அவள் வாய்தான், ஆனால் யாரோ அடுத்த அறையிலிருந்து சொல்வது போல அவளுக்கே கேட்டது. "படகுத்துறைக்குக் கூட்டிட்டு வாங்க. மெதுவா. படகு வரும்."

"உத்தரவு வந்துடுச்சா அத்தை?"

"வருது" என்று ஃபோனை வைத்தாள்.

டைப் அடித்த காகிதத்தை உருவி, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருடத்தில் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு குண்டூசி அவள் கைப்பைக்குள் போனதில்லை. தெருவில் இறங்கியதும் பனி அவளைச் சுற்றிக்கொண்டது. எதிரில் வருகிறவர்கள் பக்கத்தில் வந்ததும் உருவாகி, தாண்டியதும் கரைந்துபோனார்கள். டீ விற்பவரின் அடுப்பு ஒரு சிவப்புப் பொட்டாகத் தெரிந்தது. அவளுக்குத் தன் கால்களே தெரியவில்லை. ஆற்றின் வாசனையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

படகோட்டி துறையில்தான் இருந்தார். இருபத்தெட்டு நாளும் காலையில் வந்து, கட்டிய படகை அவிழ்க்காமலே பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, துடைத்து, மூடிவிட்டுப் போகிறவர். அப்போதும் எண்ணெய்த் துணியும் கையுமாக இன்ஜின் பக்கத்தில் குந்தியிருந்தார். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

அவள் காகிதத்தை நீட்டினாள். படகோட்டி வாங்கி, கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"முன்னாடி புள்ளி புள்ளியா இருக்கே அம்மா?"

"அதை அவங்க பூர்த்தி பண்ணிக்குவாங்க."

"கீழ கையெழுத்தைக் காணோமே?"

பொய் சொல்லலாம் என்றுதான் நடந்துவந்திருந்தாள். வழி நெடுக அந்தப் பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டும் வந்திருந்தாள். அந்த மனிதருடைய எண்ணெய்க் கையைப் பார்த்ததும் அது வரவில்லை. "கையெழுத்து இல்லைங்க. யாரும் போடலை. என் பொண்ணுக்கு அக்கரையில வலி வந்திடுச்சு. குழந்தை குறுக்கால கிடக்காம். உங்களுக்கு வேலை போனாலும் போயிடும். நான் அதை மறைச்சுக் கேக்கலை" என்றாள்.

படகோட்டி திரும்பித் தண்ணீரைப் பார்த்தார். தண்ணீர் எங்கே முடிந்து பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"எனக்குக் கண்ணாடி இல்லாம எழுத்து தெரியாது அம்மா" என்றார், மூக்கின் மேலிருந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே. "ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா காகிதம் கொண்டு வந்தாங்க. டைப் அடிச்ச காகிதம். எனக்கு அவ்வளவுதான் தெரியும். ஏறுங்க."

கயிறு அவிழ்ந்தது. இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கரை ஒரு மூச்சில் மறைந்தது. அதற்கப்புறம் எதுவும் இல்லை. மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை. படகு போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. அவள் மரப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேல்மாடி, கீழ்மாடி, ஃபைல் எல்லாம் எப்போதோ கேட்ட கதை மாதிரி இருந்தது. மகள் சின்ன வயதில் இதே படகில் தூங்கிப்போய், இறங்கும்போது எழுப்பினால், "அதுக்குள்ள வந்துட்டோமா?" என்று அழுவாள். அந்த முகம் பனிக்குள் எங்கோ தெரிந்தது. படகோட்டி கண்ணை மூடிக்கொண்டு சுக்கானைப் பிடித்திருந்தார்.

"கண்ணைத் திறங்களேன்" என்றாள் பயந்துபோய்.

"திறந்தாத்தான் அம்மா குழப்பும்" என்றவர் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்.

ஹார்ன் ஊதியது. அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி நீளமான சத்தம். மூன்று மாதமாக அந்த ஆறு கேட்காத சத்தம். அக்கரையில் அதைக் கேட்டுக் கடையை விட்டவர்களும் துவைக்கிற துணியை விட்டவர்களும் துறைக்கு ஓடிவந்து, ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள் எட்டிப் பார்த்து நின்றார்களாம். படகு முட்டி நிற்கும்போது அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் உருவாகி வந்தன. கனவில் வந்த படகைப் பேசினால் கலைத்துவிடுவோம் என்பது போல நின்றார்கள்.

மாப்பிள்ளை தான் செய்த சாய்வு நாற்காலியில் மகளை உட்காரவைக்க, நாலு பேர் தூக்கி வந்தார்கள். மகள் அம்மாவின் கையைப் பிடித்த பிடியில் வளையல் வளைந்தது.

அதே ஹார்ன் இக்கரையிலும் கேட்டது. அங்கே நடந்ததைக் கணவர் பிற்பாடு சொல்லிச் சொல்லி மாளவில்லை. மூன்றாவது மாடியில் அமைச்சர் டீ கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாராம். "செயலாளர் என்னைக் கேக்காம படகை விட்டுட்டார்!" இரண்டாவது மாடியில் செயலாளர் கூட்டத்தை அப்படியே விட்டு எழுந்தார். "அமைச்சர் வாய்மொழியா உத்தரவு குடுத்துட்டார்!" ஒருவர் லிஃப்ட்டில், ஒருவர் படியில். அமைச்சர் காரில் விரட்டினார். பனியில் கார் ஊர்ந்துதான் போனது. செயலாளர் வெறும் நடையாகவே வந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் துறையில் போய் நின்றார்கள்.

பனிக்குள்ளிருந்து படகு வந்தது. அதில் ஏறி வந்திருந்த அக்கரை ஜனம் கையைத் தட்டியது. அமைச்சரின் முகம் மாறிவிட்டது. கூட்டம் கை தட்டினால் யாருக்காக என்று கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அவர் முன்னால் வந்து நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். செயலாளர் மறுபக்கத்தைப் பிடித்தார்.

"பாத்து, பாத்து. என் உத்தரவுதான், ஒண்ணும் பயப்படாதம்மா" என்றார் அமைச்சர்.

"அலுவலக உத்தரவு" என்றார் செயலாளர், மூச்சு வாங்க. "நிர்வாக உத்தரவு."

"நான் நேத்தே சொல்லிட்டேன்."

"நான் முந்தாநாளே முடிவு பண்ணிட்டேன்."

நாற்காலி இரண்டு பக்கமும் இழுபட்டு நடுவில் நின்றது. மகளுக்கு அப்போதுதான் பெரிய வலி ஒன்று வந்து போயிருந்தது. வியர்த்த முகத்தைத் தூக்கி இரண்டு பேரையும் பார்த்தாள். "யார் உத்தரவா வேணா இருந்துட்டுப் போகட்டும். மொதல்ல வழியை விடுங்க ரெண்டு பேரும்!" என்று போட்டாளே ஒரு சத்தம், மூன்றாவது மாடிவரை கேட்டிருக்கும்.

இரண்டு பேரும் சட்டென்று விலகினார்கள். அமைச்சர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். கார் கதவைத் தானே திறந்து, "டிரைவர், ஆஸ்பத்திரிக்கு விடு. என்னைப் பத்திக் கவலைப்படாத" என்றார். கார் பனிக்குள் போனது. அவள் பின்கண்ணாடி வழியே பார்த்தபோது, துறையில் இருந்த ஒற்றைப் பெஞ்சில் இரண்டு உருவங்கள், ஒன்று தடி, ஒன்று ஒல்லி, நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தன.

டிரைவர் அன்றைக்கு ஓட்டின மாதிரி ஜன்மத்தில் ஓட்டியதில்லை. ஒரு குலுக்கல் இல்லை. சன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி, காதால் ரோட்டைக் கேட்டுக்கொண்டே போனார். பின்சீட்டில் அவள் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பகல் ஒன்றேகாலுக்கு வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. கொடி கழுத்தில் ஒரு சுற்று சுற்றியிருந்தது, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா. டிரைவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னங்க, வேலை போயிடும் எனக்கு."

"போனாப் போகுது. கேஸ் அடுப்பு இருக்கு, சமைச்சுப் போடு" என்றார்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனாள். ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கையிலேயே வைத்திருந்தாள். செயலாளர் வெந்நீர் டம்ளரை ஊதிக்கொண்டிருந்தார்.

"குழந்தை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். சார், நேத்து அந்தப் படகு... அது அமைச்சர் உத்தரவு இல்லை. உங்க உத்தரவும் இல்லை. நான்தான்..."

"அம்மா." அவர் கையைத் தூக்கினார். "இப்ப சொன்னதை எங்கயாவது எழுதியிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப நீங்க சொல்லலை." டம்ளரைக் கீழே வைத்தார். "எழுதிக்கோங்க. செயலாளரின் உத்தரவின்படி, படகுப் போக்குவரத்து உடனடியாகத் தொடங்கப்படுகிறது. தேதி, நேத்து தேதி போடுங்க."

அவள் டைப் அடித்துக் கையெழுத்து வாங்கினாள். கடிதம் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. அரை மணி நேரம் கழித்து மேல்மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். அமைச்சரின் ஸ்டெனோவுக்கு அன்று லீவாம். அவள் போய் உட்கார்ந்தாள். அமைச்சர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"படகோட்டிகிட்ட விசாரிச்சேன். யாரோ ஒரு அம்மா காகிதம் குடுத்தாங்களாம். அடையாளம் தெரியலையாம், கண்ணாடி போடலையாம்." டீ கோப்பையைத் தள்ளி வைத்தார். "எனக்கும் பனியில ஒண்ணும் தெரியலைம்மா. எழுதிக்க. அமைச்சர் அவர்களின் உத்தரவின்படி..."

"நேத்து தேதிங்களா ஐயா?"

"முந்தாநாள் தேதி போடு."

ஆக, ஒரு உத்தரவுகூட இல்லாமல் ஓடிய படகுக்கு இரண்டு உத்தரவுகள் ஆயின. இரண்டையும் அவளே டைப் அடித்து, இரண்டு ஃபைலில் கோத்தாள்.

பெஞ்சில் அன்றைக்கு இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று படகோட்டியைத்தான் கேட்க வேண்டியிருந்தது. முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லையாம். அப்புறம் அமைச்சர், "உங்களுக்கு எத்தனை பேரப்பசங்க?" என்று கேட்டாராம். "நான் கல்யாணமே பண்ணிக்கலை" என்றாராம் செயலாளர். "அதானே பாத்தேன்!" என்று அமைச்சர் சொல்ல, செயலாளர் சிரித்தாராம். செயலாளர் சிரித்ததை அந்த அலுவலகத்தில் ஒருவரும் நம்பவில்லை. அடுத்த வாரமே படகுத்துறையில் வைக்கப்போகிற பெயர்ப்பலகையில் யார் பெயர் மேலே வருவது என்று புது ஃபைல் ஒன்று கிளம்பிவிட்டதால், நம்ப அவசியமும் இருக்கவில்லை.

நாற்பத்தைந்து நாள் கழித்து மகளையும் பேத்தியையும் அக்கரையில் கொண்டுவிடப் போனார்கள். பனி மெலிந்து, வெயில் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி படிந்திருந்தது. படகில் நல்ல கூட்டம். அவளுக்கு எதிரே காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கும் பக்கத்தில் இருந்த தொப்பிக்காரருக்கும் பெரிய வாக்குவாதம்.

"அமைச்சர்தாங்க விட்டது. செயலாளர் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து கையெழுத்து வாங்கினாராம். என் மச்சினன் கண்ணால பாத்திருக்கான்" என்றார் தொப்பிக்காரர்.

"உங்க மச்சினன் அன்னிக்கு என்னத்தைப் பாத்தான்? கையை நீட்டினா கை தெரியலை. செயலாளர்தான் நடந்தே வந்து கயிறை அவிழ்த்துவிட்டார். பெரிய மனுஷன்."

டிரைவர் வாயைத் திறந்தார். அவள் அவர் முழங்காலைக் கிள்ளினாள். அவர் வாயை மூடிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்று காய்கறிக்காரப் பெண் இவளைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தா ஆபீஸ் உத்தியோகம் மாதிரி இருக்கீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. யார் விட்டது படகை?"

"எனக்கென்னம்மா தெரியும்? நான் டைப் அடிக்கிறவ" என்றாள்.

மகளால் அடக்க முடியவில்லை. சிரிக்கத் தொடங்கியவளுக்குத் தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, போதும்மா, போதும்மா" என்று சிரித்தாள். மடியில் இருந்த பேத்தி முழித்துக்கொண்டு வீரிட்டது. படகு முழுக்க வாக்குவாதத்தை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பியது. தொப்பிக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன குழந்தைம்மா?" என்று கேட்டார்.

"பொம்பளப் பிள்ளை" என்றாள் அவள். பேத்தியை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, கரை நெருங்கும்வரை முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள்.